நீரிழிவு மாத்திரையும் ஒட்டுண்ணிப் புண்ணும்: ஒரு செய்தியின்மீது சில கேள்விகள்

ஓசூரில் சிப்காட் பக்கத்து மருந்துக் கடை ஒன்றில் சென்ற மாதம் நின்றுகொண்டிருந்தேன். முதல் ஷிப்டு முடிந்து வந்த இளைஞர் ஒருவர் கடைக்காரரிடம் கேட்டது காதில் விழுந்தது.

“அண்ணே, எங்கம்மாவுக்கு வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க. அதையே இந்தப் புண்ணுக்குப் போட்டுக்கலாமாமே?”

“யார் தம்பி சொன்னது?”

“பேப்பர்ல வந்துச்சுண்ணே. ஒட்டுண்ணிப் புண்ணுக்கு நல்லா கேக்குதாம்.”

கடைக்காரர் விவரமானவர். “மொதல்ல டாக்டர்கிட்ட கையைக் காட்டு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இளைஞரின் விரலிடுக்குகளில் சிறு சிறு கொப்புளங்களும் சொறிந்த தடங்களும் இருந்தன. இரவில்தான் அரிப்பு அதிகம் என்றும் அவர் சொன்னார்.

அவர் படித்த செய்தி எது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அதுபோன்ற செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. ‘நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் என்ற மாத்திரை, லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியால் வரும் தோல் புண்ணை ஆற்றக்கூடும்’ என்பதே அவற்றின் சாரம். ஆய்வுக்கூடத்தில் உண்மையாகவே சோதனைகள் நடந்துள்ளன. ஆகவே செய்தியை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அப்படியானால் அது எந்த அளவுக்கு மெய்? அதைத்தான் இக்கட்டுரையில் உரசிப் பார்க்கப் போகிறோம்.

இந்த ஆராய்ச்சி கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்டது இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்ற சிற்றூரில்தான். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீடு தேடிச் சென்று கொடுக்கும் திட்டம் அது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டபின், அதைப்பற்றி வரும் அரைகுறைச் செய்தி ஒவ்வொன்றுக்கும் விளைவு உண்டு. மருந்துக் கடைக்குக்கூடப் போகாமல் அம்மாவின் மாத்திரையை மகன் விழுங்கிவிடலாம் அல்லவா?

ஒட்டுண்ணி என்னும் ஒரே சொல்

செய்தியின் முதற் குறை ஒரு சொல்லில் இருக்கிறது. ‘ஒட்டுண்ணி’ என்றால் வேறோர் உயிரின் உடலில் தங்கி அதன் செலவில் வாழும் உயிர் என்று பொருள். பேனும் ஒட்டுண்ணி, நாக்குப் பூச்சியும் ஒட்டுண்ணி, மலேரியாக் கிருமியும் ஒட்டுண்ணி. இவற்றுக்குள் உறவு ஏதும் இல்லை.

கடையில் நான் பார்த்த இளைஞருக்கு வந்திருந்தது, பார்வைக்கு, சிரங்கு. அதற்குக் காரணம் எட்டுக் கால் கொண்ட ஒரு நுண்பூச்சி. பெண் பூச்சி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கூரிய கண்ணுள்ளவர் கரும்புள்ளியாகக் காணக்கூடும். தோலின் மேலடுக்கில் சுரங்கம்போல் வளை தோண்டி முட்டையிடும். லீஷ்மேனியாவோ ஒரே ஓர் உயிரணுவால் ஆனது. மனித உடலுக்குள் அது எடுக்கும் உருண்டை வடிவத்தின் குறுக்களவு 2 முதல் 4 மைக்ரான். சிரங்குப் பூச்சியைவிட நூறு மடங்கு சிறியது. அது தோலில் வளை தோண்டுவதில்லை. நம் வெள்ளணுக்களுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. சுவரில் துளையிடும் பெருச்சாளிக்கும் மூட்டைக்குள் இருக்கும் வண்டுக்கும் ஒரே மருந்து வைப்பவர் உண்டா?

சிரங்குப் பூச்சியை மெட்ஃபார்மின் ஒன்றும் செய்யாது. அதற்கு 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு இருக்கிறது. கழுத்திலிருந்து பாதம்வரை இரவில் தடவிக் காலையில் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. ஓரறையில் ஆறு பேர் தங்கி, ஷிப்டு மாறும்போது ஒரே பாயில் ஒருவர் எழ மற்றவர் படுக்கும் விடுதிகளில், அரிப்பு இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லோரும் ஒரே நாளில் தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சிரங்கு அறையைச் சுற்றிச் சுற்றி வரும். ஐவர் நாணத்தால் மறைத்து ஒருவர் மட்டும் மருந்து போட்டு, ‘களிம்பு போலி’ என்று கடைக்காரரைத் திட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சென்னையில் கண்ட உருண்டைகள்

இனி, செய்தி சொல்லும் ஒட்டுண்ணிக்கு வருவோம். அதற்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1903ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர், நெடுநாள் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் கொண்ட நோயாளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த துளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தன. அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மில் பணிபுரிந்து இங்கிலாந்தில் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் கண்ட உருண்டைகளைப்பற்றி எழுதியிருந்தார். இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவனி’ என்று பெயரிட்டவர், மலேரியாவுக்குப் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ். காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலின் கிருமி இதுவே. மணல் ஈயின் கடியால் இது பரவுகிறது என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் மெய்ப்பித்தார்கள்.

லீஷ்மேனியா ஓர் இனமல்ல, பல இனங்கள். சில தோலோடு நின்றுவிடும். இராஜஸ்தானத்துப் பிகானேர்ப் பக்கம் காணும் புண் அவ்வகை. டோனவனி இனம் வழக்கமாக மண்ணீரலையும் ஈரலையும் தாக்கும். ஆனால் இலங்கையில் அதே டோனவனி தோலில் மட்டும் புண்ணை உண்டாக்குகிறது! அங்கே உள்நாட்டில் தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். 2008 முதல் இது அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் மிகுதி. கேரளத்தில் அகத்தியமலைக் காடுகளில் வாழும் பழங்குடி மக்களிடமும் டோனவனியால் வரும் தோல் புண் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரே கிருமி ஓரிடத்தில் உயிரைப் பறிப்பதும், வேறிடத்தில் கன்னத்தில் ஒரு புண்ணோடு நிற்பதும் ஏன் என்பது இன்னும் முழுமையாக அவிழாத முடிச்சு.

நம் ஓசூர் இந்நோயின் ஊர் அன்று. ஆயினும் நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உயிரணுவின் எரிபொருள் மானி

நீரிழிவு மாத்திரைக்கும் இந்த உருண்டைக்கும் முடிச்சுப் போட விஞ்ஞானிகளுக்கு எப்படித் தோன்றியது? அதைப் புரிந்துகொள்ள உயிரணுவுக்குள் சற்று நுழைந்து பார்க்கவேண்டும்.

தொழிற்சாலையில் மின்சாரம் குறைந்தால் ஷிப்டு மேற்பார்வையாளர் என்ன செய்வார்? அவசரமில்லாத எந்திரங்களை நிறுத்துவார். டீசல் ஜெனரேட்டரை ஓடவிடுவார். உயிரணுவிலும் அப்படி ஒரு மேற்பார்வையாளர் உண்டு. ஏ.எம்.பி.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி அது. ஆற்றல் குறைகிறது என்று கண்டவுடன் அது விழித்தெழுந்து, கொழுப்பும் புரதமும் கட்டும் வேலைகளைத் தணித்து, எரித்து ஆற்றல் எடுக்கும் வேலைகளை முடுக்கிவிடுகிறது.

மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையில் சிறிது குறுக்கிடுகிறது. ஆற்றல் குறைந்ததுபோன்ற நிலை உண்டாகி, மேற்பார்வையாளர் விழிக்கிறார். ஈரல் சர்க்கரையை வெளியே கொட்டுவது குறைகிறது. (இது ஒன்றே காரணமா, வேறு வழிகளும் உண்டா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. 1957இல் ஜீன் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குத் தரத் தொடங்கிய மருந்து அது! ஒரு மருந்து வேலை செய்கிறது என்பதை அறிவது ஒன்று; எப்படி என்பதை அறிவது வேறொன்று.)

லீஷ்மேனியா குடியிருப்பது வெள்ளணுவில் அல்லவா? வெள்ளணுவுக்கும் இந்த எரிபொருள் மானி உண்டு. ஆகவே மெட்ஃபார்மின் வெள்ளணுவின் போக்கை மாற்றினால் உள்ளே இருக்கும் குடியிருப்பாளனின் வாழ்வும் மாறவேண்டும். இதுதான் அடிப்படை எண்ணம். நியாயமான எண்ணம்தான்.

ஆனால் மாறும் என்பது சரி. எந்தப் பக்கம் மாறும்?

வெள்ளணு கிருமியைக் கொல்ல ஆயத்தமாகும்போது, சர்க்கரையை வேகமாக உடைத்து அவசர ஆற்றல் எடுக்கும். அழற்சியைக் கிளப்பும் பொருள்களைச் சுரக்கும். அமைதியடைந்து புண்ணை ஆற்றும் வேலைக்குத் திரும்பும்போது மைட்டோகாண்ட்ரியாவின் நிதானமான எரிப்புக்கு மாறும். 2015இல் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் லீஷ்மேனியா இன்ஃபாண்டம் என்ற இனத்தை வைத்து ஒரு செய்தியைக் கண்டார்கள். அக்கிருமி வெள்ளணுவுக்குள் புகுந்து சில மணி நேரத்துக்குப் பின், ஏ.எம்.பி.கே.யைத் தானே முடுக்கி, வெள்ளணுவை அந்த நிதானப் போக்குக்குத் திருப்பிவிடுகிறது. அதுதான் கிருமிக்கு வசதி. அந்த நொதி இயங்காதபடி செய்தபோது கிருமிகளின் எண்ணிக்கை குறைந்தது.

இப்போது நினைத்துப் பாருங்கள். எந்த நொதி விழித்திருப்பது கிருமிக்கு வசதியோ, அதே நொதியைத்தான் மெட்ஃபார்மினும் எழுப்புகிறது! இந்தக் கணக்குப்படி மாத்திரை புண்ணை ஆற்றாது. கிருமிக்குச் சோறு போடும்.

உடனே மறுபக்கம் ஓடிவிடவும் வேண்டாம். தென் அமெரிக்காவில் லீஷ்மேனியா பிரேசிலியென்சிஸ் உண்டாக்கும் புண்ணில் கிருமிகள் மிகச் சிலவே இருக்கும். அவற்றைக் கொல்வதற்காக உடல் கிளப்பும் மிதமிஞ்சிய அழற்சியே சதையை அரித்துப் புண்ணாக்குகிறது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்திய கதை. அங்கே அழற்சியைத் தணிக்கும் மருந்து பயன்படக்கூடும். பிரேசிலின் பாகியா மாநிலத்தில் இந்நோய் கண்டவர்களுள் நீரிழிவு உள்ளவர்களை ஆராய்ந்து எழுதினார்கள்: அவர்களுக்கு வழக்கமான வட்டப் புண்ணாக இல்லாமல் வேறு தோற்றமுள்ள புண்கள் அதிகம் வந்தன, அழற்சிப் பொருள்களும் மிகுதியாகச் சுரந்தன, அத்தகைய புண்கள் ஆன்டிமனி ஊசிக்கு எளிதில் ஆறவில்லை.

ஆகவே ‘லீஷ்மேனியாவுக்கு மெட்ஃபார்மின் நல்லதா?’ என்ற கேள்வியே பிழை. எந்த இனம், எந்தக் கட்டம், கிருமி மிகுந்த புண்ணா அழற்சி மிகுந்த புண்ணா, நோயாளிக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால்தான் விடைக்கு வழி பிறக்கும். செய்தித்தாளின் தலைப்பில் இத்தனைக்கும் இடமில்லை என்பது உண்மைதான். அதற்காகச் செய்தியிலும் இல்லாமல் போகலாமா?

கண்ணாடித் தட்டின் கணக்கு

மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. மருந்துச் செய்திகளில் பாதியை இந்த ஒரு கணக்கால் சலித்துவிடலாம்.

மெட்ஃபார்மினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 129. அதாவது ஒரு மோல் என்பது 129 கிராம். ஒரு மில்லிமோல் 129 மில்லிகிராம். உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துச் செய்யும் மெட்ஃபார்மின் சோதனைகள் பலவற்றில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிமோல் முதல் 10 மில்லிமோல் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் மருந்து ஊற்றப்படுகிறது. குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம்: லிட்டருக்கு 129 மில்லிகிராம்.

நீரிழிவு நோயாளி ஒருவர் 500 அல்லது 1000 மில்லிகிராம் மாத்திரையை விழுங்குகிறார். அதில் பாதியளவே குடலிலிருந்து குருதியில் சேரும். அதுவும் உடலெங்கும் பரவி, சில மணி நேரத்தில் சிறுநீரோடு மாற்றமில்லாமல் வெளியேறத் தொடங்கிவிடும். குருதியில் அதன் உச்ச அளவு பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான்.

129ஐ 2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 65. 1ஆல் வகுத்தால் 129. கண்ணாடித் தட்டில் கிருமி குளித்த மருந்து, நோயாளியின் குருதியில் ஓடுவதைவிட 65 முதல் 129 மடங்கு அடர்த்தியானது! 10 மில்லிமோல் என்றால் அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் குடிக்கலாம். நூறு சிட்டிகை போட்டால் மீனும் சாகும். அதனால் உப்பு மீன்கொல்லி மருந்து ஆகிவிடுமா?

அந்த அடர்த்தியைக் குருதியில் கொண்டுவர மாத்திரையை அளவுமீறித் தின்றால் கிருமி சாகிறதோ இல்லையோ, ஆளுக்கு ஆபத்து. லாக்டிக் அமிலம் குருதியில் தேங்கும் நிலை ஏற்படும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவே அந்த ஆபத்தைத் தரக்கூடும். களிம்பாகச் செய்து புண்ணின்மீதே தடவினால் அடர்த்தி கிடைக்குமே என்று ஒரு நல்ல மாணவர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் அது வேறு ஆராய்ச்சி. வீட்டு அலமாரியிலுள்ள மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் அப்புவதற்கு அது அனுமதிச் சீட்டு அன்று.

சின்தாலின் சொல்லும் கதை

நீரிழிவு மருந்தை ஒட்டுண்ணிமேல் ஏவுவது புதுமை என்று செய்திகள் எழுதுகின்றன. புதுமை அன்று, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுப் பழமை. அந்தக் கதை தெரிந்திருந்தால் எழுதுபவர்கள் சற்று நிதானிப்பார்கள்.

1926இல் ஜெர்மனியில் சின்தாலின் என்ற மருந்து நீரிழிவுக்காக வந்தது. மெட்ஃபார்மினுக்குத் தூரத்து உறவு. இரண்டுமே குவானிடின் என்ற வேதிப்பொருளின் வழி வந்தவை. ஆப்பிரிக்காவில் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி (லீஷ்மேனியாவின் ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம்) சர்க்கரையை அள்ளி விழுங்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. 1935இல் ஹங்கேரியில் ஜான்சோ என்ற பெயருடைய இருவர் சிந்தித்தார்கள்: சின்தாலின் குருதிச் சர்க்கரையைக் குறைக்கும், சர்க்கரை குறைந்தால் ஒட்டுண்ணி பட்டினியால் சாகும். நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் குணமடைந்தன!

கருத்து வென்றது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1937இல் லிவர்பூலில் லூரி, யார்க் என்ற இருவர் ஒரு சிறு சோதனை செய்தார்கள். எலியை விட்டுவிட்டு ஒட்டுண்ணியைச் சோதனைக் குழாயில் வைத்து, வேண்டிய மட்டும் சர்க்கரையும் கொடுத்து, துளியினும் துளியாகச் சின்தாலினைச் சேர்த்தார்கள். ஒட்டுண்ணி செத்தது. சர்க்கரைக் குறைவுக்கும் சாவுக்கும் தொடர்பே இல்லை. மருந்து நேரடி நஞ்சு! முடிவு சரி, அதற்குச் சொன்ன காரணம் தவறு.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. அதே அமைப்பில் வேறு பொருள்கள் செய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அவ்வழியில் வந்ததுதான் பென்டமிடின். தூக்க நோய்க்கும் பின்னர் லீஷ்மேனியாவுக்கும் அது மருந்தாயிற்று. சின்தாலினோ ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் கைவிடப்பட்டது.

கதையின் கடைசித் திருப்பம் பீகாரில். ஆன்டிமனி ஊசிக்குக் கருங்காய்ச்சல் பணியாமற்போன காலத்தில் அங்கே பென்டமிடின் கொடுத்தார்கள். சிலருக்குத் திடீரென்று குருதிச் சர்க்கரை தாழ்ந்தது, பின்னர் ஏறியது, ஏறியது இறங்கவேயில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை மருந்து அழித்துவிட்டிருந்தது. நீரிழிவு மருந்தின் வழியில் பிறந்த ஒட்டுண்ணி மருந்து, ஒட்டுண்ணி நோயாளிகளை நீரிழிவு நோயாளிகளாக்கியது. இப்பயனை ஹங்கேரியிலோ லிவர்பூலிலோ எலியைப் பார்த்து யாரும் கணித்திருக்க முடியாது.

ஒரு நோயின் மருந்தை மற்றொரு நோய்க்குப் பயன்படுத்தவே கூடாது என்பது இதன் பொருள் அன்று. இன்று லீஷ்மேனியாவுக்கு வழங்கும் மருந்துகளைப் பாருங்கள். ஆம்ஃபோடெரிசின், பூஞ்சைக்கு வந்த மருந்து. பரோமோமைசின், பாக்டீரியாவுக்கு வந்தது. 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற மில்டெஃபோசின், புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டது. ஏழைகளின் நோய்க்கென்று புது மருந்து காண முதல் போட யாரும் முன்வராததால், இந்நோய்க்கு வந்தவை எல்லாம் இரவல் சட்டைகள்தாம். ஆனால் மில்டெஃபோசினைப் பீகாரில் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்து, அளவு பார்த்து, தீமை பார்த்து, பழைய மருந்தோடு ஒப்பிட்ட பிறகே அனுமதித்தார்கள். மெட்ஃபார்மின் அந்தப் படியில் இன்னும் கால் வைக்கவில்லை. செய்திகள் மறைப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

சென்னையில் நடந்த ஒரு சோதனை

படியேறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தலைநகரிலேயே சான்று இருக்கிறது. வேறொரு கிருமி, ஆனால் அதுவும் வெள்ளணுவுக்குள் குடியிருப்பது: காசநோய்க் கிருமி.

2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், மெட்ஃபார்மின் கொடுத்த எலிகளில் காசநோய்க் கிருமி கட்டுப்பட்டதாக எழுதினார்கள். உலகெங்கும் பரபரப்பு. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சோதிக்க முன்வந்தது. 1956இல் தொடங்கி, காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய நிறுவனம் அது. நீரிழிவு இல்லாத 322 காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கினார்கள். இரு குழுவுக்கும் வழக்கமான காசநோய் மருந்துகள்; ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே மெட்ஃபார்மின். முதல் எட்டு வாரம் கவனித்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது.

சளியிலிருந்து கிருமி மறைய ஆன காலத்தில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலியில் கண்ட வெற்றி மனிதரில் அப்படியே வரவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது: மெட்ஃபார்மின் பெற்றவர்களுக்கு மிகையான அழற்சி தணிந்திருந்தது, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரைவாகத் தெளிந்திருந்தது. கிருமியை விரட்டவில்லை, கிருமியால் வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தைக் குறைத்தது எனலாம்.

எனக்கு இது தோல்வியாகத் தோன்றவில்லை. மிக நேர்த்தியான விடையாகவே தோன்றுகிறது. கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்றும், கேட்காத கேள்விக்கு ‘இருக்கலாம்’ என்றும் சொல்லியிருக்கிறது. லீஷ்மேனியாப் புண்ணுக்கும் இதுபோல ஒரு சோதனை வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் இலங்கை என்பது என் கருத்து. புண் நோயாளிகள் அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். புண்ணிலேயே ஆன்டிமனி ஊசி போடும் சிகிச்சை வழக்கத்தில் இருக்கிறது. மெட்ஃபார்மின் தின்னும் நீரிழிவுக்காரர்களுக்கும் குறைவில்லை.

ஆனால் தின்பவர் தின்னாதவர் என்று பதிவேட்டைப் புரட்டி ஒப்பிட்டால் போதாது. மெட்ஃபார்மினை ஒழுங்காகத் தின்பவர் பெரும்பாலும் மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போகிறவர். புண்ணையும் சீக்கிரம் காட்டியிருப்பார். சிறுநீரகம் பழுதானவருக்கு மருத்துவர் மெட்ஃபார்மின் தந்திருக்கவே மாட்டார். அவர் புண் ஆறாததற்கு அவர் உடல்நிலையே காரணமாக இருக்கும். புண் ஆறியது மாத்திரையாலா, மாத்திரை தின்னும் வகை மனிதராக இருந்ததாலா? குலுக்கல் இல்லாமல் இதைப் பிரித்தறிய முடியாது.

ஓசூரில் கேட்கவேண்டிய கேள்வி

முன்பே சொன்ன தொடர்புக்கு வருகிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்த ஓசூர்த் தெருக்களில் இன்று பீகார், ஜார்க்கண்டு, வங்காளத்து மொழிகளும் ஒலிக்கின்றன. பீகாரும் ஜார்க்கண்டும் மேற்கு வங்காளமும் கருங்காய்ச்சலின் பழைய தாயகங்கள். அங்கே நோய் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் காய்ச்சல் குணமான சிலருக்குப் பல மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய புள்ளிகளும், முகத்தில் முண்டு முடிச்சுகளும் தோன்றும். வலி இல்லை; அரிப்பும் பெரிதாக இல்லை; வேலைக்குப் போய் வரலாம். அந்தப் புள்ளிகளில் இருப்பது டோனவன் கண்ட அதே உருண்டைகள்.

இவர்களால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. தொட்டாலும் உண்டாலும் பரவாது. நோயைக் கடத்த மணல் ஈ வேண்டும். எனவே யாரையும் ஒதுக்கிவைக்க இதில் காரணமில்லை. இடர் அவர்களுக்குத்தான். தேமல் என்று களிம்பு தந்து அனுப்பிவிடுவார்கள். தொழுநோய் என்று பிழையாக எண்ணி மாதக்கணக்கில் வேறு மருந்து தரவும் கூடும். தொழுநோய்த் தேமலில் பொதுவாக உணர்ச்சி மங்கியிருக்கும். இதில் உணர்ச்சி இருக்கும். தொழுநோய்க்காகத் தோலைச் சிறிது கீறி எடுக்கும் அதே பூச்சுச் சோதனையில், சரியான சாயமிட்டு நுண்ணோக்கியில் தேடினால், கிருமி மிகுந்த முடிச்சுகளிலாவது உருண்டைகள் அகப்படும். மில்டெஃபோசினைப் பன்னிரண்டு வாரம் தருவது இதற்கு உரிய சிகிச்சை.

இத்தகைய ஒருவருக்கு நாற்பது வயதில் நீரிழிவும் வந்து, மெட்ஃபார்மினும் தொடங்கினால் புள்ளிகள் கூடுமா குறையுமா? போர்ச்சுகல் சோதனையை நம்பினால் ஒரு விடை. அழற்சிக் கணக்கை நம்பினால் வேறு விடை. நோயாளிகளில் யாரும் முறையாகச் சோதித்துச் சொல்லும்வரை இரண்டையும் நம்பி மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ காரணமில்லை. சர்க்கரைக்காக அதைத் தின்பவர் தொடர்ந்து தின்னலாம். கட்டுப்படாத சர்க்கரை எந்தப் புண்ணையும் ஆறவிடாது என்பதில் ஐயமே இல்லை.

ஆகவே ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தோல் நோயோடு வரும் வடநாட்டுத் தொழிலாளியிடம் மருத்துவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி மெட்ஃபார்மினைப்பற்றியது அன்று: “ஊரில் இருந்தபோது உனக்குக் காலா அசார் வந்ததுண்டா?” அந்தப் பெயர் இந்தியிலும் அதுவேதான், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.